வீட்டுப்பேர் இல்லாத வீடு

திருவனந்தபுரத்தில் வீட்டுப்பேர் இல்லாதவர்கள் இரண்டே வகைதான். வீடே இல்லாதவர்கள் ஒரு வகை. எங்களைப் போன்ற தமிழர்கள் இன்னொரு வகை. மலையாளிக்கு வீட்டுப்பேர் என்பது அவனைவிட மூத்தது. பள்ளிக்கூடத்திலும் ரேஷன் கடையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அதுதான் முதலில் வந்து நிற்கும். எங்களுக்கு அப்பா பேரின் முதல் எழுத்து ஒன்று உண்டு, அவ்வளவுதான். ஆரியசாலையில் ஒரு பெருங்காய மொத்தக் கடைக்கு மேலே வாடகைக்கு இருந்தோம். அப்பா சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் ஒரு பலசரக்கு மண்டியில் கணக்கெழுதினார். அப்பா, அம்மா, அக்கா, நான் என்று நாலு பேர். யார் கேட்டாலும் "காயக்கடை மாடி" என்போம். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முதலில் மூக்கைச் சுளிப்பார்கள், கொஞ்ச நேரத்தில் அவர்களுக்குப் பசிக்கத் தொடங்கும். அப்படி ஒரு வாசனையோடு வளர்ந்தோம்.

அக்காவுக்குக் கல்லூரியில் படிக்கும்போது மனசு சரியில்லாமல் போனது. இதை ஒரு வரியில் எழுத எனக்கு இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது. தூங்கமாட்டாள். கீழே மூட்டை இறக்குகிறவர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பேரைச் சொன்னாலே ஊர் சிரிக்கும் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம். சொந்தக்காரர்களிடம், திருநெல்வேலியில் பெரியம்மா வீட்டில் டைப்பிங் படிக்கிறாள் என்று அம்மா சொல்லி வைத்தாள். அக்கா தெளிந்து திரும்பி வந்த அன்றே பக்கத்து மாடி மாமி, "டைப்பு எப்படி?" என்று கேட்டாள். மிஷினைக் கண்ணால்கூடப் பார்த்திராத அக்கா, விரல்களைக் காற்றில் தட்டிக் காட்டி, "நல்லா வந்துட்டு மாமி" என்றாள். பிறகு அந்தப் பொய்க்குப் பயந்தே நிஜமாகவே டைப்பிங் படித்தாள். பழவங்காடியில் ஒரு டி.டி.பி. கடையில் வேலைக்கும் போனாள். மாத்திரைகள் ஒரு காலிப் பெருங்காய டப்பாவில் இருந்தன. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் அந்த டப்பாவைத் திறக்கும்போது நாங்கள் மூன்று பேரும் வேறெங்காவது பார்ப்போம்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு நாள், ஒரு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து உடல்நலக் கணக்கெடுப்புக்காக ஒரு பெண் வந்தாள். மழையில் பாதி நனைந்திருந்தாள். அம்மா துண்டு கொடுத்து உட்காரவைத்தாள்.

"வீட்டுப்பேரு எந்தா அம்மே?"

"வீட்டுக்கு எதுக்கும்மா பேரு? ஆளுக்குத்தான பேரு."

"பின்னே ஆள்க்காரு எங்ஙனெ கண்டுபிடிக்கும்?"

"கீழ காயக்கடை, மேல நாங்க. மூக்கு உள்ளவன் தானே வந்துருவான்."

அந்தப் பெண் சிரித்தபடி அதையே வீட்டுப்பேருக்கான கட்டத்தில் எழுதிக்கொண்டாள். வெகுநேரம் என்னென்னவோ கேட்டாள். வீட்டில் யாராவது தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறார்களா என்று கேட்டபோது அம்மா இல்லை என்றாள். ஆனால் சொன்ன வேகம் அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.

"பேரு ஒண்ணும் வெளியில் போகில்லா அம்மே. கம்ப்யூட்டரில் வெறும் நம்பராயிட்டு கிடக்கும். அத்ரே உள்ளு."

வெறும் நம்பர், அவ்வளவுதான் என்றதும் அம்மா சொல்லத் தொடங்கினாள். நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி அவள் நிறுத்தவில்லை. அக்கா ஜன்னலைச் சாத்திய நாள், ஆஸ்பத்திரி வாசலில் அப்பா அழுதது, டைப்பிங் பொய், எல்லாம் கொட்டினாள். தமிழும் மலையாளமும் கலந்து தடுமாறி வந்தது. அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் போன பிறகு அம்மா முகம் கழுவிக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "எங்கம்மைகிட்டகூட இதைச் சொல்லல. முன்னபின்ன தெரியாத புள்ளைகிட்ட சொல்லிட்டேன் பாரு. நெஞ்சுல கெடந்த கல்லு எறங்கின மாதிரி இருக்குட்டி."

நான் எம்.எஸ்ஸி. புள்ளியியல் படித்தது அதற்குச் சில வருஷங்கள் கழித்து. அந்தக் காலத்தில் ஒரு மாணவி புராஜெக்டுக்காக எந்த அலுவலகத்திலாவது டேட்டா கேட்டுப் போனால், மாமனார் சொத்தில் பங்கு கேட்டு வந்தவளைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். அரசாங்கப் பணத்தில், ஜனங்களின் வாயிலிருந்து வாங்கிய விவரம். அதை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார்கள். கரையான்கூட அதைப் படிக்கலாம், நாங்கள் படிக்கக்கூடாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்களுக்கு வகுப்பெடுக்க வந்த ஒரு ஆராய்ச்சியாளர் மட்டும் வேறு மாதிரி. அம்மாவிடம் வந்து கேட்டுப்போன அந்தக் கணக்கெடுப்பை நடத்தியவர் அவர்தான். சார் அந்த டேட்டா முழுவதையும், அதைச் சீர்செய்து அட்டவணை போட்ட கம்ப்யூட்டர் புரோகிராம்களையும் சேர்த்து, இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டார். புரோகிராம் எதற்கு என்று ஒருவன் கேட்டான்.

"ஊணு விளம்பியா மாத்ரம் போரா மோனே, அடுக்களயும் காணிக்கணும்" என்றார் சார். சாப்பாடு பரிமாறினால் மட்டும் போதாது, அடுப்படியையும் திறந்து காட்ட வேண்டும். நான் எங்கே உப்பைக் கூட்டினேன், எங்கே தீயவிட்டேன் என்று பார்க்கிறவன் கண்டுபிடித்துச் சொல்லட்டும். இதுதான் அவர் கட்சி. இறைக்கிற கிணறுதான் ஊறும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். எனக்கு சார் மேல் அப்படி ஒரு மரியாதை வந்தது. அவர் சொன்னதை அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

அந்த வருஷம்தான் அக்காவுக்கு வரன் வந்தது. என்னோடு படித்த தோழியின் அத்தை மகன். தோழியின் குடும்பம் நாஞ்சில் நாட்டுக்காரர்கள், சாலைக் கடைத்தெருப் பக்கமே குடியிருந்தார்கள். பழவங்காடி பிள்ளையார் கோயிலில், தற்செயலாகச் சந்திப்பது போல இரண்டு வீட்டாரும் பெண் பார்க்கும் படலத்தை முடித்தோம். தேங்காய் உடைகிற சத்தத்தில் மாப்பிள்ளை கேட்டது எதுவும் அக்கா காதில் விழவில்லை, ஆனாலும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அதில் அவருக்குப் பிடித்துப்போயிற்று போலிருக்கிறது. பிறகு ஒரு நாள் விண்ணப்பம் டைப் செய்ய வேண்டும் என்று டி.டி.பி. கடைக்கே வந்து நின்றாராம். ஒரு பக்க விண்ணப்பத்துக்கு மூன்று தடவை திருத்தம் சொன்னாராம். அக்கா வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது.

அம்மா நோயை மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட நினைத்தாள். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் மட்டும் சொன்னாள்.

"வார வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அவரை வரச் சொல்லிருக்கேன். நானே சொல்லப் போறேன். கெட்டினா கெட்டட்டும், வேண்டாம்னா போட்டும். ஆனா என் வாயால கேக்கட்டும்."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுருவா."

"என் சீக்கு எனக்குத்தானட்டி சொந்தம்? அதைச் சொல்லுததாவது நான் சொல்லக்கூடாதா?"

அதற்காக அவள் பேசிப் பழகினாள். பாத்திரம் தேய்க்கும்போது உதடு அசையும். எந்த வார்த்தையில் தொடங்குவது என்பதுதான் அவளுக்குப் பிரச்சினை. 'எனக்கு முன்னால ஒரு அசுகம் இருந்தது' என்று தொடங்கலாமா, அசுகம் என்றால் அவருக்கு வெறும் காய்ச்சல் என்று தோன்றிவிடுமோ என்று என்னிடம் கேட்டாள்.

அதே வாரம் திங்கட்கிழமை, கல்லூரி கம்ப்யூட்டர் அறையில் தோழியும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேருக்கும் சார் போட்ட டேட்டாதான் புராஜெக்ட். அதில் பேர் இல்லை, கதவு எண் இல்லை, வார்டு எண்ணைக்கூட சார் அழித்திருந்தார். ஒவ்வொரு வீடும் ஒரு நம்பர், அவ்வளவுதான். தோழி புரோகிராமிலிருந்து சில வரிகளை எடுத்துக்கொள்ள அதைத் திறந்தாள்.

"ஏட்டி, இங்க பாரு, நம்ம சாலை முழுக்க இதுல இருக்கு!"

எட்டிப் பார்த்தேன். விஷயம் இதுதான். ஒரு வீட்டின் ஆள்விவரம் ஒரு தாளிலும் நோய்விவரம் வேறு தாளிலும் இருந்தன. இரண்டையும் வீட்டுப்பேரை வைத்துத்தான் கம்ப்யூட்டர் சேர்த்திருக்கிறது. மலையாளி வீடுகளுக்கு அதில் ஒரு சிக்கலும் இல்லை. தமிழர்களுக்குத்தான் வீட்டுப்பேரே இல்லையே! ஒரு தாளில் 'காயக்கடை மேலே' என்றும் இன்னொன்றில் 'பெருங்காயக் கடை மாடி' என்றும் எழுதியிருந்தால் கம்ப்யூட்டருக்கு அது இரண்டு வீடு. அதனால் அலுவலகத்தில் யாரோ புரோகிராமுக்குள்ளேயே கைப்பட எழுதி வைத்திருந்தார்கள்: காயக்கடை மேலே என்று வந்தால் இன்ன நம்பர் வீடு, கொப்பரை கோடவுன் பின்புறம் என்று வந்தால் இன்ன நம்பர். டேட்டாவில் அடையாளங்களை அழித்தவர்கள் புரோகிராமில் அழிக்கவில்லை. அங்கே ஆட்களின் விவரம் இருக்கும் என்று எவருக்கும் தோன்றவில்லை. ஊரெல்லாம் பத்திரமாக நம்பருக்குள் ஒளிந்திருக்க, எங்கள் தமிழ் வீடுகள் மட்டும் முகவரியோடு வெளியே நின்றன.

கொப்பரை கோடவுன் பின்புறம் தோழியின் சித்தப்பா வீடு. அவள் அந்த நம்பரை டேட்டாவில் தேடினாள். "சித்தப்பாவுக்கு சர்க்கரையாம்டி! சித்திக்கே தெரியாது. அதான் ஒளிச்சு ஒளிச்சு பாயசம் குடிக்காரு" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்து காயக்கடை வரியைப் பார்த்தாள். "உங்க வீடு" என்றாள். நான் அவள் கையைப் பிடிப்பதற்குள் நம்பரைத் தட்டிவிட்டாள்.

நாலு வரி வந்தது. மூன்றாவது வரியில் பெண், வயது, மணமாகாதவர், மனநோய், ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர், மருந்து தொடர்கிறது.

தோழியின் சிரிப்பு நின்றுவிட்டது. நான் சொன்னேன்: "வெள்ளிக்கிழமை அக்காவே சொல்லப் போறா. அதுவரைக்கும் பொறு. உன் காலைப் பிடிக்கேன்." அவள் சரி என்றாள். அழுதுகொண்டே, "எங்க அத்தை மகன்டி" என்றும் சொன்னாள். அவள் கெட்டவள் இல்லை. ஒரு மனுஷியின் வயிற்றில் அவள் கேட்காத ஒரு கல்லைக் கொண்டுபோய் வைத்தால் அவள்தான் என்ன செய்வாள்? வியாழக்கிழமை வரை தாங்கினாள். பிறகு அவள் அம்மாவிடம் சொன்னாள்.

அன்று மாலையே மாப்பிள்ளையின் அம்மாவிடமிருந்து காயக்கடைக்கு போன் வந்தது. எங்களுக்கு போன் கிடையாது, கீழே கூப்பிடுவார்கள். கடைக்காரரும் சுமைக்காரர்களும் நிற்க, அம்மா போனைக் காதில் வைத்து, "இல்ல மைனி... அப்படி இல்ல மைனி..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். மாடிக்கு வந்ததும் யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "மாப்பிள்ளைக்கு இப்பம் கல்யாணம் வேண்டாமாம்."

வெள்ளிக்கிழமை அக்கா தலைக்குக் குளித்து, பச்சைப் புடவை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். கோயில் வாசலில் தேங்காய் உடைகிற இடத்தருகே நின்றோம். யார் யாரோ வேண்டிக்கொண்டு தேங்காயை ஓங்கி எறிந்துகொண்டிருந்தார்கள். அவர் வரவில்லை. நடை சாத்தும் நேரம் வரை நின்றுவிட்டு, "சரி, போலாம்" என்றாள் அக்கா.

சொன்னால் அவர் கட்டியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. எனக்கும் ஊர் தெரியும். மாப்பிள்ளை வீட்டில் ஏமாந்துவிட்டோமோ என்று பதறியதிலும் தப்பில்லை. ஆனால் வேண்டாம் என்பதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அவள் இத்தனை நாள் பழகி வைத்திருந்த வார்த்தைகளைக் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு பேச்சுதான். அதையும் ஒரு கம்ப்யூட்டர் அவளை முந்திக்கொண்டு பேசிவிட்டது.

பிறகு நடந்தது எல்லோரும் ஊகிக்கக்கூடியதுதான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பக்கத்து மாடி மாமி டைப்பிங் கதையை ஞாபகமாக எடுத்துச் சொல்லிச் சிரித்தாள். டி.டி.பி. கடைக்காரர், உடம்பைப் பார்த்துக்கொள், கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு என்று மிகவும் மரியாதையாக அக்காவை வீட்டுக்கு அனுப்பினார். அந்த ரெஸ்ட் முடியவே இல்லை. அக்கா மறுபடியும் ஜன்னலைச் சாத்தினாள். இந்தத் தடவை கீழே நின்றவர்கள் நிஜமாகவே அவளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் அந்தப் புரோகிராம் வரிகளை பிரிண்ட் எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். கத்த வேண்டும் என்றுதான் போனேன். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். தாளைக் கண்ணருகே கொண்டுபோய், அந்த வீடுகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணினார். கத்த வந்தவள் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அன்றே எல்லாவற்றையும் இணையத்திலிருந்து எடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்.

"அவரு வந்தா தெரு முழுக்க எட்டிப் பாக்கும். கேட்ட வரைக்கும் போதும், வரண்டாம்னு சொல்லு" என்றாள் அம்மா.

நிலையத்தின் மேலதிகாரிகள் பயந்துபோனார்கள். எந்த டேட்டாவும் யாருக்கும் இல்லை என்று உத்தரவு போட்டார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். எங்களுக்குப் பின்னால் படிக்க வந்தவர்கள் பழையபடி பீரோக்களின் முன்னால் கைகட்டி நின்றார்கள். எனக்கு அதிலும் கோபம்தான். அந்த வரிகளை மட்டும் தனியாக எடுத்துப் பூட்டி வைத்துவிட்டு மற்றதையெல்லாம் திறந்து போட்டிருக்கலாம். போடுவதற்கு முன்னால் எங்கள் தெருக்காரி ஒருத்தியிடம் காட்டியிருந்தால் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கண்டுபிடித்திருப்பாள்.

இதை சாரிடம் சொன்னேன். படிப்பு முடிந்ததும் அந்த வேலையையே எனக்குக் கொடுத்தார். அவர் வருஷக்கணக்காகப் போராடி மறுபடியும் கதவைத் திறந்தபோது, வெளியே போகும் ஒவ்வொரு புரோகிராமையும் நான் படித்துப் பார்த்தேன். அறிவாளியின் கண்ணோடு படிக்காதே, ஊர்வம்புக்காரியின் கண்ணோடு படி என்றார். அது எனக்குச் சுலபமாக வந்தது.

இரண்டாயிரங்களின் நடுவில் அதே வீடுகளில் மறுபடியும் கணக்கெடுத்தார்கள். நான் அங்கே வேலை பார்த்தாலும் எந்த வீட்டுக்கு யார் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியக்கூடாது என்பது விதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடிப்படியில் ஒரு புதுப் பெண் ஏறி வந்தாள். அவள் வீட்டுப்பேர் கேட்கவில்லை. சம்மதக் கடிதத்தைத் தமிழிலேயே வாசித்தாள். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் இருக்க உரிமை உண்டு, உங்களை அடையாளம் காட்டும் எதுவும் வெளியே போகாது என்று பொறுமையாகச் சொன்னாள். அந்த வாசகங்களில் பாதி நான் எழுதிக் கொடுத்தவை. அம்மா முழுவதையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"வீட்ல எத்தனை பேரு அம்மா?"

"மூணு பேரு" என்றாள் அம்மா. "அவரு, நானு, இந்தப் புள்ள."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரைப் பார்த்தாள். அடுப்படியில் டம்ளர் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் அக்கா டீ எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் டீயை வாங்கிக்கொண்டு, அக்காவையும் எழுத வேண்டாமா என்பது போலப் பேனாவைத் தூக்கியபடி கேட்டாள்:

"சேச்சி இவ்விடத்தே ஆளல்லே? எழுதண்டே?"

"அல்ல" என்றாள் அக்கா. "நான் ஊர்ல இருந்து வந்திருக்கேன். பெரியம்மா வீடு."

மாத்திரையால் அப்போது அவள் கை நடுங்கும். தட்டில் கொஞ்சம் டீ சிந்தியிருந்தது. அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு உள்ளே போனாள். யாருக்காவது தொடர்ந்து மருந்து உண்டா என்று கேட்டபோது, இந்தத் தடவை அம்மா அவசரப்படாமல், நிதானமாக, இல்லை என்றாள்.

அந்த டேட்டா பிறகு இணையத்துக்குப் போனது. புரோகிராமின் ஒவ்வொரு வரியையும் நான்தான் படித்தேன். சுத்தமாக இருந்தது. எத்தனையோ பேர் அதை எடுத்துப் படித்திருக்கிறார்கள், நல்ல காரியங்களும் நடந்திருக்கின்றன. வெளியான அன்று அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்திருந்தேன். அக்கா பின்னால் வந்து நின்றாள்.

"இதுல நம்ம வீடு எதுட்டி?"

"தெரியாது. எனக்கே தெரியாது. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

"நல்லதாப் போச்சு" என்றாள். திரையில் எண்கள் ஓடுவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் இருக்கேனா?"

தேடிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்த விவரம் அது ஒன்றுதான். "இல்லக்கா" என்றேன்.